ஆயிரத்தில் ஒருவனும் ஓட்டை எண்ணும் விமர்சகரும்

சென்ற தவணையில் ஒரு மாலை, எமது பீடத்துத் திரைப்பட ஆர்வலர்கள் சிலர் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தைத் திரையிட்டனர். 1965 இல் பி. ஆர். பந்துலு தயாரித்து நெறிப்படுத்திய படம், எம். ஜி. ஆரும் ஜெயலலிதாவும் முதன்முதலில் இணைந்து நடித்த படம். திரையிடலின் நோக்கம் ரசனை அன்று என்பது விளக்குகள் அணைந்த சில நிமிடங்களிலேயே புலனாகிவிட்டது. முன்வரிசையில் நண்பர் மூவர் கொப்பியும் பேனையுமாக அமர்ந்திருந்தனர். கதையின் ஒவ்வொரு பொருத்தக்கேட்டுக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டது. படம் முடிந்தபோது இலக்கம் நாற்பத்தொன்றை எட்டியிருந்தது. பட்டியல் உரத்து வாசிக்கப்பட்டது, மண்டபம் சிரித்தது. அதன்பின், கலந்துரையாடல் என்ற பெயரில், இத்தகைய அபத்தங்களை எமது மக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக எவ்வாறு ரசித்தனர் என்ற வினா எழுப்பப்பட்டது. விடையும் வினவியவர்களாலேயே அளிக்கப்பட்டது: மக்களுக்கு அறிவு போதாது.

நானும் அம்மண்டபத்தில் இருந்தேன். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

முதலிற் பட்டியலை ஒப்புக்கொள்கிறேன். நாற்பத்தொன்றில் முப்பத்தைந்தேனும் உண்மை. மணிமாறன் ஒரு வைத்தியன். மூலிகையோடு புழங்கிய அவனது கை, கடற்கொள்ளையிலேயே முதிர்ந்த ஒருவனை வாட்போரில் எதிர்கொண்டு வெல்கிறது. எங்கே பயின்றான்? நெய்தல் நாடு எனத் திணைப்பெயர் தாங்கிய தேசத்தில் மாந்தர் அணியும் உடை எந்த நூற்றாண்டுக்குரியது, எந்தக் கண்டத்துக்குரியது? நேற்றுவரை அடிமைத் தொழில் செய்தவர்கள் இன்று பெரும் பாய்க்கப்பலைச் செலுத்துகின்றனர். யார் கற்பித்தது? தளையிலும் கடலிலும் நாட்கள் கழிய, கதாநாயகனின் முகத்தில் மட்டும் தாடி ஏன் முளைப்பதில்லை? எல்லையற்ற கடலில், சந்திக்கவேண்டியவர்களின் கப்பல்கள் மட்டும் எவ்வாறு தவறாது எதிர்ப்படுகின்றன? (இவ்வினாவை எழுப்பிய நண்பர், காட்டிலே அலைந்த இராமனுக்கு அனுமன் எதிர்ப்பட்ட தற்செயலைப் பற்றி இதே வினாவைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.)

இவை உண்மை. ஆனால் இவற்றைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழக அனுமதி வேண்டியதில்லை என்பதும் உண்மை. கலரியில் இருந்து இப்படத்தைப் பார்த்த எந்தத் தொழிலாளிக்கும் தாடி முளைக்கும் என்பது தெரியும். அவர் அதனைக் கண்டார். கண்டும் படத்தோடு போனார். நமது நண்பர்கள் கண்டனர், கண்டதோடு நின்றுவிட்டனர். இரு சாராரிலும் குறைவாகப் பார்த்தவர் யார் என்பதே என் வினா.

இப்படத்தின் கதை வானத்திலிருந்து விழுந்ததன்று. றஃபேல் சபாட்டினி 1922 இல் எழுதிய ‘கப்டன் பிளட்’ நாவலும், அதனைத் தழுவி மைக்கல் கேர்ட்டிஸ் 1935 இல் எறோல் ஃபிளினைக் கொண்டு எடுத்த ஆங்கிலப் படமும் இதன் பின்னணியில் உள்ளமை வெளிப்படை. ‘அப்பட்டமான தழுவல்’ என்பது பட்டியலில் இருபத்தெட்டாவது குற்றம். ஆனால் அம்மூலத்துக்கும் ஒரு மூலம் உண்டு. பட்டியலிட்டவர்கள் அதுவரை செல்லவில்லை. 1685 இல் இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னனுக்கு எதிராக மொன்மத் கோமகனின் கிளர்ச்சி எழுந்து முறியடிக்கப்பட்டது. பலர் தூக்கிலிடப்பட்டனர், நூற்றுக்கணக்கானோர் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டு அங்கே தோட்டக்காரருக்கு விற்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஹென்றி பிற்மன் என்ற சத்திரவைத்தியர். காயம்பட்ட கிளர்ச்சிக்காரருக்கு மருந்திட்டவர். பார்படோசுக்கு அனுப்பப்பட்ட அவர் அங்கிருந்து ஒரு சிறு படகிலே தப்பிச்சென்று, தாம் பட்டவற்றை 1689 இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். வைத்தியன் ஒருவன், மருந்திட்ட குற்றத்துக்காக அடிமையாகித் தீவொன்றில் விற்கப்பட்டு, கடல்வழி தப்பினான் என்பதுதான் இப்படத்தின் மிகப்பெரிய ‘நம்பமுடியாமை’. வரலாற்றில் நிகழ்ந்ததும் அதுவே. நம்பத்தக்கவையாகத் தோன்றும் சிறு விபரங்கள்தாம் பிற்காலத்தவர் சேர்த்தவை.

இங்கு ஒரு பாகுபாட்டை வற்புறுத்த விரும்புகிறேன். கதையிலுள்ள எல்லா ஓட்டைகளும் ஓரினத்தவை அல்ல. தாடி முளையாமை ஓர் ஓட்டை. தன் மகனைக் கொன்றவனை ஒரு தாய் அடுத்த காட்சியிலே காரணமின்றி மன்னிப்பதும் ஓர் ஓட்டை. முன்னது கலை மரபு பற்றியது. பின்னது மனித இயல்பு பற்றியது. முன்னது நூறு இருந்தாலும் கப்பல் ஓடும். பின்னது ஒன்றிருந்தால் மூழ்கும். ‘ஆயிரத்தில் ஒருவன்’ முன்னதிலே தாராளமாகத் தவறுகிறது. பின்னதிலே பெரும்பாலும் தவறுவதில்லை. காயம்பட்டு வருபவன் எக்கட்சியினன் என்று வினவாது மருந்திடுகிறான் மணிமாறன். சர்வாதிகாரிக்கு அதுவே இராசத் துரோகம். மருந்திட்டவனும் மருந்திடப்பட்டவர்களும் ஒரே விலங்கிலே பிணைக்கப்பட்டுக் கன்னித்தீவுக்கு அனுப்பப்படுகின்றனர். அதன்பின் நிகழ்பவை அனைத்தும் அந்த ஒரு செயலிலிருந்து பிறக்கின்றன. மருந்திடுவது எவ்வாறு குற்றமாகும் என்பதை எமது நாட்டு வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

சாத்தியமாயினும் நம்பவைக்க முடியாததைவிட, அசாத்தியமாயினும் நம்பவைக்கக்கூடியதையே கவிஞன் தெரிந்துகொள்ளவேண்டும் என்ற கருத்து அரிஸ்டோட்டிலின் கவிதையியலில் உண்டு. முதலாம் வருடத்தில் நாம் எல்லோரும் அதனை மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் எழுதியவர்கள். தொல்காப்பியமும் உலகியல் வழக்கோடு நாடக வழக்கையும் உடன்வைத்தே பேசுகிறது. எழுதிப் புள்ளி வாங்கிய பின்னர் அவற்றைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தோம் போலும்.

மணிமாறன் வாட்பயிற்சியை எங்கே பெற்றான் என்ற வினாவுக்கு வருவோம். பட்டியலின் முதலாம் இலக்கம் அதுதான். சபாட்டினியின் பிளட் வைத்தியத் தொழிலில் அமர்வதற்கு முன்னர் போர்களிலும் கடலிலும் உழன்றவன். ஆகவே அவன் பின்னர் கப்பலேறுவதற்குக் கதைக்குள்ளேயே காரணம் உண்டு. மணிமாறனுக்கு அத்தகைய முற்கதை தேவைப்படவில்லை. ஏனெனில் பார்வையாளர் அம்முற்கதையைத் தம்மோடு கொண்டுவந்தனர். ‘மந்திரி குமாரி’ (1950), ‘மர்மயோகி’ (1951), ‘நாடோடி மன்னன்’ (1958) எனப் பதினைந்து ஆண்டுகளாக அக்கையில் வாளைக் கண்டவர்கள் அவர்கள். அக்கை மருந்துப் பையைத் தூக்கியபோதே, வாள் எப்போது வரும் என அவர்கள் காத்திருந்தனர். படத்தின் முற்பகுதி முழுவதிலும் நிலவும் இறுக்கம் அந்தக் காத்திருப்பே. இதனை ஓட்டை என்பது, கூத்தில் அருச்சுனன் வரவு தருவதற்கு முன்னர் அவன் யாரிடம் வில்வித்தை பயின்றான் என அண்ணாவியாரிடம் சான்றிதழ் கேட்பதை ஒக்கும்.

கூத்து என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. 1960களில் பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றிக் கூத்துக்கு மறுவாழ்வு அளித்த வரலாற்றைப் பெருமையோடு பேசாத கலைப்பீட மாணவர் நம்மிடையே இல்லை. அந்தக் களரியிலே மன்னன் ஒரு சுற்று ஆடிவந்தால் காடு கடந்துவிடும். இன்னொரு சுற்றில் பகைவனின் நாடு வந்துவிடும். எத்தனை காதம், எத்தனை நாள், வழியில் என்ன உண்டான் என நாம் கேட்பதில்லை. கேட்பவனைக் கலை அறியாதவன் என்போம். அதே மன்னன் வண்ணத் திரையிலே கப்பலேறி ஒரு பாட்டு முடிவதற்குள் கடலைக் கடந்தால் மட்டும், நமக்குத் திடீரெனக் கடல்தூரக் கணக்கு நினைவுக்கு வருகிறது. கூத்தை மன்னிப்பவர்கள் சினிமாவை மன்னிக்க மறுப்பது ஏன்? கூத்து இன்று நம்முடைய ஆய்வுப் பொருளாகிவிட்டது. சினிமா இன்னும் பாமரரின் சொத்தாக இருக்கிறது. இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே நண்பர்கள் சென்ற ஆண்டு ஹிட்ச்கொக்கின் ‘நோர்த் பை நோர்த்வெஸ்ற்’ (1959) படத்தைத் திரையிட்டபோது எவரும் கொப்பி கொண்டுவரவில்லை. அப்படத்தில் ஒருவனைக் கொல்ல விரும்பும் எதிரிகள் அவனை ஆளரவமற்ற நெடுஞ்சாலைக்கு வரவழைக்கின்றனர். ஒரு காரில் வந்து ஒரு குண்டு செலவிட்டால் வேலை முடிந்தது. அவர்களோ பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்தை அனுப்பித் துரத்துகின்றனர். இதைவிடப் பெரிய ஓட்டை எந்த எம். ஜி. ஆர் படத்திலும் இல்லை. ஆனால் அக்காட்சி ‘தூய சினிமா’வுக்கு உதாரணமாக நமக்கு விளக்கப்பட்டது. விளக்கம் சரியானதே, நானும் மெய்ம்மறந்து பார்த்தேன். நம்பகத்தன்மை என்று ஓயாது முறையிடும் பார்வையாளரை ஹிட்ச்கொக் எள்ளிநகையாடியதை எடுத்துச்சொல்லி, அன்று நாம் அவரோடு சேர்ந்து நகைத்தோம். ஆங்கிலேயர் காரணமின்றி விமானத்தை அனுப்பினால் அது பாணி. பந்துலு காரணமின்றிக் கப்பலை அனுப்பினால் அது அபத்தம். இந்த அளவுகோலை எந்தக் கடையில் வாங்கினோம்?

இனி, அன்று மண்டபத்தில் நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும்.

நான் மலையகத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன். எனது அப்பாயி இப்படத்தை இளமையிலே ஹற்றனில், அடுத்த லயத்துப் பெண்களோடு நடந்து சென்று பார்த்தவர். அன்றைய வகுப்பரங்குகளில் இப்படம் எவ்வாறு பார்க்கப்பட்டதோ அறியேன். கலரியில் எவ்வாறு பார்க்கப்பட்டது என்பதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சனங்கள் விலங்கிடப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டுத் தீவொன்றில் இறக்கப்படும் காட்சி வந்தபோது, விசில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்களாம். அப்போது எவருக்கும் வாட்பயிற்சி பற்றிய ஐயம் எழுந்திருக்காது. தமது பாட்டன்மார் இராமேஸ்வரக் கரையிலிருந்து கடல்கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மலைக்கு வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டவர்கள். படம் வெளியாவதற்கு முந்திய ஆண்டில், 1964 ஒக்ரோபரிலே, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஓட்டைகளைத் தேடும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கைப் பரிந்துரைக்கிறேன். தர்க்கப் பொருத்தம் சிறிதுமற்ற ஒரு கதை, இரு அரசுகளின் முத்திரையோடு, திரைக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நிலையில் இருந்தவர்களுக்கு முன்னால், மேற்றளத்தில் நின்று கடலையும் வானத்துப் பறவையையும் பார்த்து விடுதலையை வேண்டும் கண்ணதாசனின் பாட்டு ஒலித்தது. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிவதற்கு முன் இணைந்து இசையமைத்த கடைசிப் படம் இது. அந்தப் பாட்டின் கூட்டுக்குரலிலே இருவரின் முழு ஆற்றலும் இறங்கியிருக்கிறது. கப்பலை ஓட்ட அவர்களுக்கு யார் கற்பித்தது என்று அப்போது கேட்பவன் விமர்சகன் அல்லன், காது கேளாதவன். தமக்கு வேண்டிய கப்பலைத் தாமே செலுத்துவது என்ற எண்ணம், கரையிலே பெயர்ப்பட்டியலுக்குக் காத்திருந்த மக்களுக்கு எத்தகைய மகிழ்ச்சியைத் தந்திருக்கும்! திரைக்கதை காரணம் சொல்லாமல் விட்ட அந்த வெற்றிடத்தில்தான் அவர்களுடைய ஆசை குடிபுகுந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லி அடைக்கப்பட்ட கதையில் அதற்கு இடம் கிடைத்திராது.

என்னை ஆதரிப்பதாக நினைத்து அன்று இன்னொரு நண்பர் எழுந்து பேசினார். ‘பொழுதுபோக்குப் படந்தானே, இதில் என்ன ஆராய்ச்சி? பார்த்தோமா, சிரித்தோமா, போனோமா என்று இருக்கவேண்டும்’ என்பது அவர் வாதம். இந்த ஆதரவை நான் மறுக்கிறேன். பட்டியலிட்டவர்கள் படத்தை எதிரியாகவேனும் மதித்தனர். இவர் அதனைக் கச்சான் சரையாக்கிவிட்டார். நான் இப்படத்தை ரசிப்பது அறிவை வாசலில் விட்டுவிட்டு அன்று. நம்பியாரும் எம். ஜி. ஆரும் வாளோடு வாள் மோதுகையில் யானையையும் சிங்கத்தையும் இழுத்துத் தொடுக்கும் சொற்போர் இருக்கிறதே, அதன் ஒவ்வொரு அடியும் தாளக்கட்டுக்குள் விழுகிறது. சண்டையை வசனம் உந்துகிறதா, வசனத்தைச் சண்டை உந்துகிறதா என்று பிரித்தறிய முடியாது. அதனை அனுபவிக்க அறிவு வேண்டும். இன்னும் சொல்லப்போனால், காலத்தால் மங்கிய அந்தப் பிரதியை 2014 இல் எண்மிய முறையிற் புதுப்பித்துத் தமிழகத்தில் மீள வெளியிட்டபோது அது சென்னையில் நூறு நாள்களைக் கடந்து ஓடியது. அரை நூற்றாண்டின் பின்னர் பணங்கொடுத்து வந்தவர்கள் அனைவரும் அறிவிலிகள் எனக் கூற எனக்குத் துணிவில்லை.

அப்படியாயின் இப்படத்தில் குற்றமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது அந்த நாற்பத்தொன்றுக்குள் இல்லை. ஓட்டை எண்ணும் முறையால் அதனைக் காணவும் முடியாது. ஏனெனில் அது இருக்கும் இடத்திலே கதை வழுவழுவென்று ஓடுகிறது. அடிமைகளாக வந்தவர்கள் பலர். சேர்ந்து துன்புற்றவர்கள், சேர்ந்து பாடியவர்கள், சேர்ந்து தப்பியவர்கள். ஆயினும் கதை நகர நகர அவர்கள் பின்வரிசைக்குப் போய், கதாநாயகனின் முகத்தை நோக்கி நிற்கும் கூட்டமாகிறார்கள். தீர்மானம் அவனுடையது, வாள் அவனுடையது, தீவின் இளவரசி பூங்கொடியின் காதலும் அவனுக்கே. ஒருவன் ஆயிரவரை விடுவிப்பது இயல்புதான் என்று நாம் எல்லோரும், கொப்பி வைத்திருந்தவர்கள் உட்பட, கேள்வியின்றி ஏற்றுக்கொண்டோம். தாடி முளையாததைக் கண்ட கண்ணுக்கு இது தெரியவில்லை.

தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் எழுதியதும், எம். ஜி. ஆரின் திரைப்பிம்பம் அடிநிலை மக்களை எவ்வாறு தன்வயப்படுத்தியது என எம். எஸ். எஸ். பாண்டியன் 1992 இல் எழுதியதும் இவ்விடத்தைக் குறித்தே. அவ்விருவரும் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மக்களின் மகிழ்ச்சியை முதலில் மெய்யென ஏற்றுக்கொண்டு, பின்னர் அம்மகிழ்ச்சி எவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என வினவினர். 1977 இல் எம். ஜி. ஆர் முதலமைச்சரானார், 1991 இல் ஜெயலலிதா. மேற்றளத்தில் நின்ற இருவரும் கோட்டைக்குப் போனார்கள். கூடப் பாடியவர்கள்?

பாண்டியனின் முடிவுகள் சிலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. அது வேறொரு கட்டுரைக்குரியது. ஆனால் படத்தின் மகிழ்ச்சியை அனுபவிக்காத ஒருவரால் அதன் பொய்யையும் கண்டுகொள்ள முடியாது என்பதில் எனக்கு ஐயமில்லை. சிரித்தவர்களுக்கு அன்று கிடைத்தது நாற்பத்தொரு சில்லறை. நானும் அவர்களோடு பங்குபோட்டுக்கொண்டேன்.

தவணை விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, அப்பாயிக்கு அப்படத்தைக் கைத்தொலைபேசியிற் போட்டுக் காட்டினேன். அந்தச் சிறு திரையிலும் அவர் கப்பற் பாட்டுக்குத் தலையசைத்தார். வாட்சண்டையில் கையைத் தட்டினார். எமது மண்டபத்தில் நிகழ்ந்ததைச் சொன்னபோது, ‘தாடி மொளச்சா எம். ஜி. ஆர நல்லாவா இருக்கும்?’ என்று ஒரே வரியில் பட்டியலை முடித்துவைத்தார். அவருடைய தமையனார் குடும்பம் 1970களில் இந்தியாவுக்குப் பெயர்பதிந்து போனது. தலைமன்னாருக்குப் போகும் அந்தப் புகையிரதத்தை மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அங்கிருந்து கப்பல். பின்னர் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து சில கடிதங்கள். பின்னர் அவையும் இல்லை.

படம் முடிந்ததும் கைத்தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார்.

‘ஏம்பா, அவரு கூடக் கப்பல்ல வந்தாங்கல்ல, அந்த மத்த ஆளுங்க. அவங்கெல்லாம் ஊரு போய்ச் சேந்தாங்களா? காட்டவே இல்லியே.’

நாற்பத்திரண்டாவது இலக்கத்தை இடுவதற்கு அப்போது என்னிடம் கொப்பி இருக்கவில்லை.